கையால் நிரப்பிய தோட்டா

சுட்டு முடித்த தோட்டாவில் மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். குண்டு குழலை விட்டுப் போய்விடுகிறது. மருந்து எரிந்து தீர்ந்துவிடுகிறது. அடிப்புறத்தில் பதித்திருந்த கேப், ஊசி குத்தி நசுங்கி, இனி எதற்கும் உதவாததாகிறது. கூடு மட்டும் ஏறக்குறைய முழுசாகத் தரையில் கிடக்கும். தோட்டாவின் நான்கு உறுப்புகளில் விலை கூடியது அதுவே. அதனால் அந்தக் கூட்டைப் பொறுக்கித் துடைத்து, பழைய அளவுக்கு இறுக்கி, புதுக் கேப் பதித்து, மருந்து அளந்து போட்டு, வாயில் வேறு குண்டைச் செருகி மறுபடியும் சுடுவது அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் நூறாண்டுக்கு மேலாக இருந்துவரும் வழக்கம். இப்படிச் செய்ததற்கு மறுநிரப்புத் தோட்டா என்று பெயர். செலவு குறையும், சுடுபவர் தம் துப்பாக்கிக்குத் தோதான வேகத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்பவை அதன் பக்கம் உள்ள நியாயங்கள். அரைத்தானியங்கி பிஸ்டலில் அதைச் சுடுவது எவ்வளவு பாதுகாப்பானது என்பது அந்த நாடுகளில் ஓயாத விவாதம்.

இந்தியாவில் அந்த வழக்கம் பரவவில்லை. ஆனால் அதன் அடியில் உள்ள கேள்வி, அதாவது வெடிக்கும் மருந்தின் அளவுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி, திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் புதிதல்ல. கார்த்திகை தீபத்தன்று மாடவீதிகளிலும் கிரிவலப் பாதையிலும் நிற்கும் காவல் அலுவலர்களின் இடுப்பில் இருக்கும் பிஸ்டலுக்கான தோட்டா, அரசுத் தொழிற்சாலையில் தயாரித்து, தொகுதி எண் குறித்து, எண்ணி வழங்கப்படுவது. அதே மாவட்டத்தின் மேற்கே, ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலைக் கிராமங்களில் தலைமுறைகளாகப் புழங்கிய நாட்டுத் துப்பாக்கியிலோ ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பியது. மறுநிரப்புத் தோட்டா இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூடு தொழிற்சாலையில் பிறந்தது, உள்ளே போகும் அளவு வீட்டு மேசையில் தீர்மானிக்கப்படுகிறது. எனவே நாட்டுத் துப்பாக்கியில் என்னென்ன கெடும் என்று பார்த்துவிட்டால் பிஸ்டலில் என்ன கெடும் என்பது பாதி விளங்கிவிடும்.

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் பிற தானியங்களும் விளைவிப்பவர்கள். கதிர் முற்றும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஓர் இரவில் கொல்லையையே புரட்டிப் போட்டுவிடும். நாட்டுத் துப்பாக்கி அங்கே வேட்டைக்கு மட்டுமன்றிப் பயிர்க் காவலுக்கும் இருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமே இதை ஏற்கிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கலாம் என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. சமவெளியில் நரிக்குறவர்களுக்கும் இதே வகைத் துப்பாக்கிதான் பிழைப்பின் கருவியாக இருந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை குற்றமாயிற்று. அண்ணாமலையார் கோயிலைச் சுற்றி இன்று ஊசிமணி, பாசிமணி விற்கும் குடும்பங்களின் முந்தைய தலைமுறையினர் மருந்து இடித்த கைக்காரர்கள்.

அந்தத் துப்பாக்கியின் குழல் பல வேளைகளில் துப்பாக்கிக்கென்று செய்யப்பட்டதே அல்ல. பட்டறையில் கிடைத்த இரும்புக் குழாய்க்குப் பின்பக்கம் அடைத்து, நிப்பிள் வைத்து, குதிரை பூட்டியது. வாய் வழியாக மருந்தும் அதன்மேல் அடைப்பும் ரவையோ பால்ரஸ் குண்டோ போட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவார்கள். இங்கே நான்கு தவறுகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. முதலாவது, மருந்து மிகுந்துபோவது. அளப்பது உள்ளங்கை, இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மூடி. பன்றி பெரியது என்று தோன்றினால் கை கொஞ்சம் தாராளமாகிறது. இரண்டாவது, அடைப்பும் குண்டும் மருந்தோடு ஒட்டி அமராமல் குழலின் நடுவிலேயே நின்றுவிடுவது. அப்போது குண்டே குழலுக்கு அடைப்பாகி, இடைவெளியில் அழுத்தம் எகிறி, குழல் அந்த இடத்தில் வீங்கும் அல்லது கிழியும். மூன்றாவது, ஏற்கெனவே நிரப்பியதை மறந்து இன்னொரு முறை நிரப்புவது.

மூன்றாவது தவறு எவ்வளவு எளிதாக நேரும் என்பதற்கு வரலாற்றில் பெரிய சான்று ஒன்று உண்டு. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் பொறுக்கி எடுக்கப்பட்ட 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 மருந்து நிரப்பிய நிலையிலேயே இருந்தன என்றும், அவற்றில் ஏறக்குறைய பாதியில் இரண்டு நிரப்பு இருந்தது என்றும், ஒன்றில் 23 நிரப்பு இருந்தது என்றும் அக்காலத்து ராணுவக் கணக்கு பதிவு செய்திருக்கிறது. அவற்றை ஏந்தியவர்கள் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். பதற்றமும் இரைச்சலும் சேர்ந்தால் கை தானாக இயங்கும், நினைவு பின்தங்கிவிடும். இருட்டில் கொல்லைக் காவலுக்குப் போகிறவருக்கும் இதே நிலைதான்.

நான்காவது தவறு எல்லாவற்றிலும் கொடியது: மருந்தையே மாற்றிப் போடுவது. நாட்டுத் துப்பாக்கி கரிமருந்துக்கானது. கரிமருந்து புகை கக்கி எரியும், அது எழுப்பும் அழுத்தம் ஒப்பளவில் குறைவு. இக்காலத் தோட்டாவில் இருக்கும் புகையற்ற மருந்து அதே எடைக்குப் பன்மடங்கு ஆற்றல் கொண்டது. பட்டாசைப் பிரித்து எடுக்கும் மருந்தின் குணமோ இன்னும் வேறு. அது குண்டைத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டதே அல்ல, சத்தத்துக்காக ஒரே நொடியில் வெடிப்பது. இவை இரண்டில் எதைக் கரிமருந்துக் குழலில் போட்டாலும் குழல் வெடித்து, சுடுபவரின் இடக்கையும் கண்ணும் முகமும் முதலில் பலியாகும்.

தோட்டா என்ற ஏற்பாடு இந்த நான்கு தவறுகளையும் சுடுபவரின் கையிலிருந்து எடுத்துத் தொழிற்சாலையிடம் ஒப்படைத்தது. மருந்தின் வகையும் அளவும் குண்டின் எடையும் அது அமரும் ஆழமும் அங்கேயே முடிவாகி, கூட்டுக்குள் அடைபட்டு வருகின்றன. தமிழ்நாட்டுக்கு இதில் பழைய பங்கு உண்டு. நீலகிரியில் குன்னூருக்கு அருகே அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலை புகையற்ற மருந்து தயாரிப்பதற்காகவே எழுந்தது. பழைய படைக்கலத் தொழிற்சாலை வாரியம் 2021 அக்டோபரில் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்த பிறகு அது மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் இயங்குகிறது. 1966-இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையோ ஆயுதங்கள் செய்வது. மருந்து ஓரிடம், துப்பாக்கி ஓரிடம், இரண்டுக்கும் ஒரே அளவுகோல் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

அந்த அளவுகோல் அழுத்தம். 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பான சாமி வகுத்த உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. கார் டயரில் நாம் அடைக்கும் காற்றைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. இந்தியாவில் உரிமம் பெற்ற குடிமக்களிடம் அதிகம் காணப்படும் .32 ஏசிபி பிஸ்டல் தோட்டாவுக்கு வரம்பு 20,500. இந்த அழுத்தம் முழுவதும் விரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைக் கூட்டுக்குள், நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எழுந்து அடங்குகிறது. அதை எழுப்பும் மருந்தின் எடை அரை கிராம்கூட இருக்காது. இவ்வளவு சிறிய அளவில் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு கூடினாலோ குறைந்தாலோ அது சின்னப் பிழையாக இருப்பதில்லை.

மறுநிரப்பு செய்பவர் இந்தப் பொறுப்பைத் தொழிற்சாலையிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறார். அதோடு நாட்டுத் துப்பாக்கியின் நான்கு தவறுகளும் பித்தளைக் கூட்டுக்குள் திரும்பி வருகின்றன.

இரட்டை நிரப்பு முதலில் வருவது. பிஸ்டலுக்கான விரைந்தெரியும் மருந்து பல வகைகளில் கூட்டின் பாதியைக்கூட நிரப்பாது. ஒரே கூட்டில் இரண்டு முறை விழுந்தாலும் வழியாது, குண்டு வழக்கம்போல மேலே அமர்ந்துவிடும். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் நாலைந்து படிகள் ஒரே நேரத்தில் நடக்கும் வேகப் பொறிகளில் இது நேர வாய்ப்பு அதிகம். பொறி ஒரு கூட்டில் சிக்கிக்கொள்கிறது, செய்பவர் அதை விடுவித்துவிட்டுக் கைப்பிடியை மறுபடி இழுக்கிறார், அந்தக் கூட்டில் மருந்து ஏற்கெனவே விழுந்ததா என்பது மறந்துபோகிறது. அனுபவம் உள்ளவர்கள் இதனால்தான் கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் மருந்து வகையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டாம் முறை விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குண்டு செருகும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கு வெளிச்சத்தில் எட்டிப் பார்ப்பதும், பேச்சுக் கொடுக்க ஆள் இல்லாத நேரத்தில் மட்டும் இந்த வேலையைச் செய்வதும் அவர்களிடையே எழுதாத சட்டம்.

இதற்கு நேரெதிர், மருந்தே விழாத தோட்டா. கேப்பின் பொறி மட்டும் குண்டைத் தள்ளும். குண்டு குழலுக்குள் ஓரிரு அங்குலம் போய் நின்றுவிடும். சத்தம் டப் என்று அமுங்கிக் கேட்கும், கையில் உதைப்பு இருக்காது. இதனால் மட்டும் யாருக்கும் காயமில்லை. அடுத்த குண்டு வந்து அதன்மேல் மோதும்போதுதான் குழல் வீங்குகிறது அல்லது வெடிக்கிறது. நாட்டுத் துப்பாக்கியில் குழல் நடுவே நின்ற குண்டு செய்வதும் இதுவே.

அரைத்தானியங்கி பிஸ்டல் வேறு எந்தத் துப்பாக்கியையும்விடக் குறைவாகவே பிழை பொறுக்கும் என்பது இங்கே வெளிப்படுகிறது. ரிவால்வரிலும் கையால் இழுத்துப் பூட்டும் ரைஃபிளிலும் அடுத்த தோட்டாவைக் கொண்டுவருவது மனிதக் கை. பூட்டு இறுகினால், தோட்டா உட்கார மறுத்தால், கைக்குத் தெரிந்துவிடும். அரைத்தானியங்கியிலோ ஒரு தோட்டாவின் ஆற்றலே மேல் சட்டத்தைப் பின்னால் தள்ளி, வெற்றுக்கூட்டை வெளியே எறிந்து, அடுத்ததைக் குழலறைக்குள் அடித்துச் செருகுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள். வேகமாகச் சுடும்போது ஒரு வெடியின் சத்தம் மாறியதைக் காது உணர்வதற்குள் விரல் அடுத்த முறை அழுத்தியிருக்கும். முற்றிலும் மருந்தில்லாத தோட்டாவில் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது. சட்டம் பின்னால் போகாது, துப்பாக்கி நின்றுவிடும். ஆனால் துப்பாக்கி மக்கர் செய்தால் உடனே சட்டத்தை இழுத்துவிட்டு மறுபடி சுடு என்றே போட்டியாளர்களும் காவலர்களும் பழகுகிறார்கள். சண்டைக் களத்துக்கு அது சரியான பழக்கம். குழலில் குண்டு சிக்கியிருக்கும்போது அதே பழக்கம் கையைச் சிதைக்கும். அளவில் பாதி மருந்து இருந்தால் இன்னும் மோசம். குண்டு குழலிலேயே நின்றாலும் சட்டம் அசைந்து அடுத்த தோட்டா ஏறிவிடக்கூடும்.

அழுத்தம் மிகும்போது பிஸ்டல் எங்கே தோற்கும் என்பது அதன் கட்டமைப்பைப் பொறுத்தது. .32 போன்ற சிறிய பிஸ்டல்களில் சட்டம் பூட்டப்படுவதில்லை. அதன் எடையும் பின்னுள்ள சுருள்வில்லும் மட்டுமே கூட்டைக் குழலறைக்குள் பிடித்துவைக்கின்றன. மருந்து மிகுந்தால் சட்டம் வேகமாகப் பின்வாங்கி, உள்ளே அழுத்தம் இறங்குவதற்கு முன்பே கூட்டின் அடிப்பகுதி வெளியே வந்துவிடும். தாங்க எஃகுச் சுவர் இல்லாத இடத்தில் பித்தளை கிழியும். 9 மி.மீ. போன்ற பெரிய பிஸ்டல்களில் குழலும் சட்டமும் முதலில் ஒன்றாகப் பூட்டியபடி சில மில்லிமீட்டர் பின்னால் போய், அழுத்தம் இறங்கிய பிறகே பிரியும். இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை செய்து இந்தியப் படைகளும் காவல்துறையும் பயன்படுத்திய 1ஏ பிஸ்டல், பிரௌனிங் ஹை பவரின் வழிவந்த இந்த வகை. இதிலும் ஒரு பலவீனம் உண்டு. தோட்டா வழுக்கி ஏறுவதற்காகக் குழலறையின் கீழ்வாயில் ஒரு சரிவு வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தில் கூட்டின் அடிவயிற்றை எதுவும் தாங்குவதில்லை. பித்தளையின் தடிமன் மட்டுமே அங்கே காவல்.

ஆகவே கூட்டின் வயது முக்கியமாகிறது. ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் பித்தளை விரிகிறது, ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அச்சில் இறுக்கி அதைச் சுருக்குகிறார்கள். விரிந்து சுருங்கி உலோகம் கெட்டிப்பட்டு நெகிழ்ச்சியை இழக்கிறது. பெரும்பாலும் முதலில் வாயில் கீறல் விடும். அது பெரிய ஆபத்தல்ல. அடிவயிற்றில் ஏற்கெனவே ஒருமுறை புடைத்த கூடு, இறுக்கிய பின் பார்வைக்கு நேராகத் தெரிந்தாலும் அதே இடத்தில் மறுமுறை புடைக்கும்போது பிளக்கும். அப்போது சூடான வாயு கீழ்நோக்கிப் பாய்ந்து, தோட்டாப் பெட்டியைப் பிடியிலிருந்து தெறிக்கவிட்டு, பிடியின் பக்கத் தகடுகளை உடைக்கும். உள்ளங்கை கிழிவதும் விரல்கள் மரத்துப்போவதும் இத்தகைய விபத்தின் வழக்கமான காயங்கள். கண்ணாடி அணியாதவருக்குக் கண்ணும் தப்பாது. 1990-களில் .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவைச் சுட்ட சில பிஸ்டல்கள் இவ்வாறு வெடித்தபோது, அமெரிக்கச் சுடுவோர் வட்டாரங்களில் கூட்டின் அடிப்பகுதியைத் தாங்காத அறையும் மறுநிரப்புக் கூடுகளும் நீண்ட விவாதத்துக்கு உள்ளாயின.

குண்டு அமரும் ஆழமும் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தோட்டாவின் வாய் குண்டைப் போதிய அளவு இறுக்கிப் பிடிக்காவிட்டால், சரிவில் மோதி ஏறும்போது குண்டு கூட்டுக்குள் சற்றே அமுங்கும். உள்ளே இடம் குறைகிறது. அதே மருந்து, குறைந்த இடத்தில் எரிந்தால், அழுத்தம் தாவி உயரும். ஒரே தோட்டாவைப் பலமுறை அறையில் ஏற்றி இறக்கும் வழக்கம் உள்ளவர்களிடம் தொழிற்சாலைத் தோட்டாவுக்கே இது நேர்கிறது. இதற்கு மாறாகக் கேப் சரியாக அமராமல் துருத்திக்கொண்டிருந்தாலோ, கூடு சரியாக இறுக்கப்படாமல் பருத்திருந்தாலோ தோட்டா முழுதாக உள்ளே போகாது. சட்டம் முழுதாக மூடாத நிலையில் சுட முடியாதபடி பிஸ்டலில் ஒரு தடுப்பு உண்டு. தேய்ந்த பழைய துப்பாக்கியில் அந்தத் தடுப்பை நம்பிவிட முடியாது.

இவ்வளவையும் படித்தவர் மறுநிரப்பு என்பதே பைத்தியக்காரத்தனம் என்று முடிவுகட்டினால் அது நியாயமாகாது. தராசும் அளவுகருவியும் வைத்துக்கொண்டு, மருந்து உற்பத்தியாளர் வெளியிட்ட அட்டவணையைத் தாண்டாமல், பல்லாண்டு விபத்தின்றிச் செய்தவர்கள் ஏராளம். தொழிற்சாலைத் தோட்டாவிலும் பழுது வரும், தொகுதி முழுவதையும் திரும்பப் பெற்ற நிகழ்வுகள் உண்டு. ஆனால் திரும்பப் பெற முடிவதே அங்கே தொகுதி எண்ணும் பதிவேடும் இருப்பதால்தான். வீட்டு மேசையில் செய்த தோட்டாவின் பதிவேடு செய்தவரின் நோட்டுப் புத்தகம் மட்டும். அந்த நோட்டைப் பார்க்க முடியாத எவரும் அந்தத் தோட்டாவைச் சுடக் கூடாது. அடுத்தவர் நிரப்பியதைத் தன் துப்பாக்கியில் போடாதே என்று மறுநிரப்பு செய்பவர்களே சொல்வதற்கு இதுவே காரணம். பிஸ்டல் உற்பத்தியாளர்கள் பலர் தங்கள் கையேடுகளில் மறுநிரப்புத் தோட்டாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அதனால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதமும் தருவதில்லை.

துப்பாக்கியின் பலத்தை முன்கூட்டியே சோதிக்கும் முறை மிகப் பழையது. லண்டன் துப்பாக்கிச் செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது, பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் சட்டப்படி அமைந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, தாங்கிய துப்பாக்கிக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். 1914-இல் பெல்ஜியத்தின் லீஜ் நகரில் உருவான சிஐபி என்ற பன்னாட்டு ஆணையத்தின் விதிப்படி, கைத்துப்பாக்கிகளுக்கு இந்தச் சோதனை உச்ச வரம்பைவிட 30 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் நடக்கிறது. அந்த இடைவெளிதான் சுடுபவரின் காப்பு. இரட்டை நிரப்பு அதை எளிதாகத் தாண்டிவிடும். பட்டறைக் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கிக்கு எந்த முத்திரையும் கிடையாது. அதன் முதல் சோதனை, அதை வாங்கியவரின் முகத்தருகே நடக்கும் முதல் வெடி.

இந்தியச் சட்டம் இந்த விஷயத்தை வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியும் தோட்டாவும் தயாரிக்க உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரங்களும்கூட தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன. எனவே அமெரிக்காவில் கடையில் வாங்கிவரும் கேப்பும் நிரப்பு பொறியும் இங்கே உரிமமில்லாத கையில் குற்றப் பொருள்கள். 2019-இல் செய்த திருத்தம் உரிமமின்றித் தயாரிப்பதற்கான தண்டனையைக் குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் என்று உயர்த்தியது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையையும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. படையினரும் காவலரும் பயிற்சிச் சுடுதலுக்குப் பின் வெற்றுக்கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்ற நடைமுறையும் இருக்கிறது. ஒரு கூடு குறைந்தாலும் தேடுவார்கள். கூடு வெளியே போகாவிட்டால் கள்ளச் சந்தையில் நிரப்பவும் எதுவும் இருக்காது.

குற்ற வழக்குகளில் மறுநிரப்புத் தோட்டா அகப்பட்டால் தடய அறிவியலாளர் அதை அடையாளம் காண முடியும். கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் கீறல் ஒவ்வொரு முறை சுடும்போதும் விளிம்பில் பதியும். ஒன்றுக்கு மேற்பட்ட கீறல்களும் இறுக்கிய அச்சின் வரிகளும் அந்தக் கூட்டின் பழைய கதையைச் சொல்லிவிடும்.

விளையாட்டுத் துறையிலும் இந்தியச் சுடுவோர்க்கு மறுநிரப்பின் தேவை குறைவு. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் .22 தோட்டாவில் நடக்கின்றன. அதில் பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருப்பதால் சுட்ட பின் மறுபடி நிரப்புவது நடைமுறைக்கு ஒவ்வாதது. நடுவில் கேப் பதித்த தோட்டாவைச் சுடும் போட்டிகளுக்கு மட்டுமே இந்தப் பேச்சு பொருந்தும். வெளிநாடுகளில் நடைபெறும் ஓடியாடிச் சுடும் போட்டிகளில், குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண் ஒரு வரம்பை எட்டினால் மதிப்பெண் கூடும். அந்த ஆசையில் அட்டவணையின் விளிம்புவரை மருந்தை ஏற்றுபவர்கள் உண்டு.

உரிமம் வைத்திருக்கும் தமிழ்நாட்டு வாசகர் கவனிக்க வேண்டிய உடனடி ஆபத்து மறுநிரப்பைவிட எளிமையானது. .32 என்று இங்கே பொதுவாகச் சொல்வது இரண்டு வெவ்வேறு தோட்டாக்களை. பிஸ்டலுக்கானது .32 ஏசிபி. கான்பூரில் செய்யப்படும் அரசுத் தொழிற்சாலை ரிவால்வருக்கானது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். பின்னதன் அழுத்த வரம்பு 15,000 மட்டுமே. பிஸ்டல் தோட்டா பல ரிவால்வர்களின் அறைக்குள் நுழைந்து வெடிக்கவும் செய்யும். நுழைகிறது என்பதால் அது பொருந்துகிறது என்று ஆகாது. கூட்டின் அடியில் பொறித்த எழுத்தைத் துப்பாக்கியின் குழலில் பொறித்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் ஏற்றக் கூடாது.

வெடிப்பைத் தவிர ஓசையில்லாத ஒரு தீங்கும் இருக்கிறது. பெரும்பாலான கேப்களின் பொறி மருந்தில் ஈயச் சேர்மம் உண்டு, குண்டிலும் ஈயம் உண்டு. சுட்ட கூடுகளை உருட்டித் துலக்கும்போது எழும் தூசியில் அது கலந்திருக்கும். சமையலறை மேசையில் இந்த வேலையைச் செய்பவரின் குழந்தைகளின் இரத்தத்தில் போய் அது சேரும். நாட்டுத் துப்பாக்கிக்கு ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கும் வீட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சுடும் தளத்தில் பின்பற்ற வேண்டிய முறை ஒன்றே. சத்தம் அமுங்கினாலோ, உதைப்பு குறைந்தாலோ, புகை வழக்கத்துக்கு மாறாக வந்தாலோ, அடுத்ததைச் சுடாமல் நிறுத்த வேண்டும். தோட்டாப் பெட்டியை எடுத்து, அறையைக் காலி செய்து, சட்டத்தைக் கழற்றி, குழலுக்குள் வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும். விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழலை இலக்கு நோக்கியே வைத்து அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். கேப் தாமதித்துப் பற்றும் தோட்டாக்கள் அபூர்வம், ஆனால் இல்லாமல் இல்லை. கண்ணாடியும் காதுக் காப்பும் பயிற்சியில் எப்போதும் கட்டாயம். நாட்டுத் துப்பாக்கிக்கு இந்த முறைகள் மட்டும் போதாது. ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மலைக் கிராமங்களிலும் உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்பவர்கள்மேல் வழக்குப் போடமாட்டோம் என்று காவல்துறை பலமுறை அறிவித்து, ஊர்ப் பெரியவர்கள் மூலம் அவற்றைப் பெற்றிருக்கிறது. பயிரைக் காக்க மாற்று வழி கிடைக்காதவரை அந்த அழைப்பு முழுதாகப் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பன்றி தின்ற பயிருக்கு உரிய இழப்பீடு காலத்தில் வந்து சேர்வதும் துப்பாக்கிப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

வீட்டில் பழைய தோட்டாக்கள் கிடைத்தால் செய்ய வேண்டியதும் தெளிவானது. தாத்தாவின் பெட்டியில் களிம்பேறிய தோட்டாவோ, யாரோ நிரப்பித் தந்த தோட்டாவோ இருந்தால் அவற்றைச் சுட்டுப் பார்ப்பதும், குத்திப் பிரிப்பதும், அடுப்பில் போடுவதும் ஆபத்து. உரிமதாரர் இறந்துபோனாலோ உரிமம் காலாவதியானாலோ, துப்பாக்கியையும் தோட்டாவையும் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வழி செய்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் திருவண்ணாமலையில் உரிமதாரர்கள் துப்பாக்கியை ஒப்படைக்கப் போவது அதே காவல் நிலையங்களுக்குத்தான். பெட்டியில் கிடக்கும் பழைய தோட்டாக்களையும் அங்கே எடுத்துப்போய், எண்ணிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளலாம்.